சுவரைப் பார்த்து நின்ற சப்பாத்து

நோயாளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை வெளிறிப் போய்ப் படுத்திருக்கும். ஜன்னல் வழியாக ஒரு குருவியைப் பார்க்கும். யார் வந்தாலும் சிரிக்கும். நான் அப்படி இல்லை. நாலாம் வகுப்பில் இருந்தபோது எனக்குச் சிறுநீரக வியாதி வந்தது. முகம் ஊதி, கண் இடுங்கி, கால் வீங்கி, மஹய்யாவ லயன் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டின் முன்னறைக் கட்டிலில் கிடந்தேன். கிடந்த நாளெல்லாம் கோபத்தோடுதான் கிடந்தேன். "ஐயோ பாவம்" என்று யாராவது வாயைத் திறந்தால் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு மாமி கொண்டுவந்த தோடம்பழத்தை அவர் மேலேயே எறிந்தேன். குறி தவறிவிட்டது. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அந்தக் கட்டிலுக்கு முன்னால் ஒரு நாள் பின்னேரம் டீச்சர் வந்து நின்றார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "ஆரிட்ட பெர்மிஷன் எடுத்த?" என்று எங்கிருந்தாவது கேட்பார்.

அக்குறணைப் பெண். படித்து முடித்துக் கிடைத்த முதல் வேலை எங்கள் பள்ளிக்கூடத்தில். ஆள் கட்டை. எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த பெடியன்கள் அவரைவிட உயரம். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டிருப்பார். கையில் அவருடைய வாப்பாவின் பெரிய கடிகாரம். கையைத் தூக்கினால் அது முழங்கைவரை வழுக்கிப் போகும்.

செருப்பைக் கழற்றினார். குடையை மடக்கினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"இந்தப் புள்ள மௌத்தா போய்ட்டாண்டு ஆராவது சென்னாங்களா?"

அம்மா பதறிவிட்டார். "என்னங்க டீச்சர் இப்புடிக் கேக்குறீங்க. உசுரோடதாங்க இருக்கா."

"வேற ஸ்கூலுக்கு மாத்தீட்டீங்களா?"

"இல்லீங்க. எந்திரிச்சு நடக்கவே முடியல. பெரியாஸ்பத்திரி டாக்டர் பள்ளிக்கொடமே கூடாதுன்னுட்டாரு. பிள்ளைங்க கூட்டத்துல சளி காய்ச்சல் தொத்துனா திரும்ப ஊதிருமாம்."

"அப்ப பேர வெட்ட ஏலாது. புள்ள மௌத்தாகோணும், இல்லாட்டி வேற ஸ்கூலுக்குப் போகோணும். ரெண்டுல ஒண்டு நடந்தாத்தான் ரெஜிஸ்டர்ல பேர வெட்டலாம். சேர்குலர்ல ஈக்கி."

'ஈக்கி' என்றால் அவர் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. சேர்குலர் என்றால் கொழும்பிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு வரும் சுற்றுநிருபம். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். பிறகு வந்த மாதங்களில் எத்தனை தரம் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

விஷயம் இதுதான். நான் வகுப்புக்கு வராததால் என் பெயரை வெட்டச் சொல்லி ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்கிறார். இவர் முடியாது என்றிருக்கிறார். இரண்டு பேரும் மல்லுக்கட்டி, கடைசியில் ஹெட்மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வருசக் கடைசிச் சோதனையை நான் என் வகுப்போடு இருந்து எழுத வேண்டும். எழுதிப் பாஸானால் மற்றப் பிள்ளைகளோடு ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். இல்லாவிட்டால் வெட்டுத்தான்.

"எழுதுவியா?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

"போங்க" என்றேன்.

"'போங்க டீச்சர்'ண்டு செல்லோணும்" என்றார். "நாளக்கி வருவேன். யூனிபோம் போட்டு ஈக்கோணும்."

அவர் போன பிறகு அம்மா வாசலைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். "அந்த சேர்குலர் ஐயா ரொம்பக் கண்டிப்பானவரு போல" என்றார்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு பிள்ளை, ஒரு டீச்சர். பகல் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் அக்குறணை பஸ்ஸுக்குப் போகாமல் எங்கள் லயனுக்கு ஏறி வருவார். வந்ததும் சோற்றுக் கரண்டியால் பித்தளைச் செம்பில் தட்டுவார். அது மணி.

கட்டில் வீடு. கதிரை பள்ளிக்கூடம். இது அவர் வைத்த முதல் சட்டம். கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில் ஒரு கை நீளம்தான் இருக்கும். ஆனால் மணி அடிக்கும்போது நான் கதிரையில் இல்லாவிட்டால், "லேட்" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்ப்பார். காலை இழுத்து இழுத்து அந்த ஒரு கை தூரத்தைக் கடக்க எனக்கு என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் லேட் என்பார். உதவிக்கு வரமாட்டார். அம்மா தூக்கி உட்கார வைக்க வந்தால், "பெற்றோர் வகுப்புக்குள்ள வர ஏலாது. சேர்குலர்ல ஈக்கி" என்பார். தன் சொந்த வீட்டில் அம்மா வாசல்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்.

யூனிபோம் எனக்குப் பொத்தான் பூட்டவில்லை. மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு நான் பூசணிக்காயாக இருந்தேன். அம்மா சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, இடையில் தலையணை உறைத் துணியை வைத்துத் தைத்தார். டீச்சர் சுற்றி வந்து பார்த்தார். "வெள்ளதானே? சரி" என்றார்.

முதல் வேலை காலைக் கூட்டம். அது நடப்பது பின்னேரம். பெயர் மட்டும் காலைக் கூட்டம். எங்கள் பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடித்தான் தொடங்குவார்கள். ஆகவே நான் கதிரையில் உட்கார்ந்து தனியாகப் பாட வேண்டும். டீச்சர் எழுந்து கைகட்டி நிற்பார். எனக்குச் சோம்பல் வந்து நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டு முடித்தால், "அந்த ரெண்டு வரிய ஆரு பாடுற?" என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டு முழுவதும் அவருக்குப் பாடம். அவருடைய தொழுகை நேரம் வரும்போது பாடம் நிற்கும். மூலையில் அம்மா பெருக்கி வைத்திருக்கும் இடத்தில், அவருக்கென்றே எடுத்து வைத்திருந்த புதுப்பாயில் தொழுவார். அப்போது நான் பேசக்கூடாது. அதுவும் சேர்குலரில் இருந்ததாம்.

நான் வீட்டுப்பாடம் செய்யாத நாள் ஒன்று வந்தது. செய்ய முடியாமல் இல்லை, வேண்டுமென்றே செய்யவில்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எனக்கோ நிற்க முடியாது. என்னதான் செய்வார் பார்ப்போம் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் யோசித்தார். கட்டிலுக்கடியில் என் வெள்ளைச் சப்பாத்து கிடந்தது. வியாதிக்கு முன்னால் அப்பா வாங்கித் தந்தது. கால் வீங்கிய பிறகு போடவே இல்லை.

"நீ நிக்க ஏலாது. சரி. ஒன்ட சப்பாத்து நிக்கட்டும்."

இரண்டையும் எடுத்து, தூசு தட்டி, மூலையில் சுவரைப் பார்த்துச் சோடியாக வைத்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கணக்குப் பாடம் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் சப்பாத்து. ஒரு குற்றமும் செய்யாத சப்பாத்து. அது எனக்காக அங்கே தலையைக் குனிந்து நிற்கிறது. கணக்கில் என் புத்தி போகவே இல்லை. திரும்பித் திரும்பி அதையே பார்த்தேன்.

அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கோதுமை மா மூட்டை தூக்கிவிட்டு வந்தார். மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் புள்ள ஒஞ் சப்பாத்து செவத்தப் பாத்துக்கிட்டு நிக்குது?"

"வீட்டுப்பாடம் செய்யலப்பா."

"சப்பாத்தா செய்யல?"

அம்மா அடுப்படியில் சிரித்த சத்தம் கேட்டது. நான் வியாதியில் விழுந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு உப்புக் கூடாது. உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத புடலங்காய். அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எல்லாரும், "நல்லாத்தானே இருக்கு, சாப்பிடு" என்பார்கள். அப்பா சொல்வார், அம்மா சொல்வார், பக்கத்து வீட்டு மேரி அக்காவும் சொல்வார். வாயில் வைக்காமலே சொல்வார்கள்.

டீச்சர் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவருவார். முதல் வாரம் அதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் போனவர், என் தட்டைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டார். "ஒரு வகுப்புல ரெண்டு சாப்பாடு ஈக்க ஏலாது" என்று அம்மாவிடம் ஒரு தட்டு கேட்டார். அம்மா கூச்சப்பட்டுக்கொண்டே என்னுடைய சோற்றில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். டீச்சர் ஒரு பிடி வாயில் போட்டார். மென்றார். முகம் கோணியது. விழுங்கினார்.

"இது மனுசர் தின்ன ஏலாத சாப்பாடு" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அத்தனை மாதத்தில் என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவர்தான். அன்றைக்கே அம்மாவும் அவரும் அடுப்படியில் நின்று ஆராய்ந்தார்கள். தேசிக்காய், மிளகு, வறுத்த செத்தல் மிளகாய், வெள்ளைப்பூடு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். டீச்சர் ஒவ்வொரு தரமும் ருசி பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டார். அம்மா நாலிலிருந்து ஏழுக்கு ஏறினார். ஏழுக்கு மேல் டீச்சர் கடைசிவரை போடவே இல்லை. அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை.

இனி எங்கள் விஞ்ஞானப் பாடம். அது என் மூத்திரம். நாகரிகமாக எழுதச் சொல்லாதீர்கள், அதுதான் உண்மை. ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாவிடம் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் சிறுநீரைச் சூடாக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார். தெளிவாக இருந்தால் நல்லது. வெள்ளையாகத் திரைந்தால் வியாதி கூடிவிட்டது என்று அர்த்தம். அம்மா அதை மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பில் காட்டுவார். குழாயெல்லாம் கரி பிடித்துவிடும். உள்ளே வெள்ளையா கறுப்பா என்று ஒன்றும் தெரியாது. பயத்தில் எப்போதும், "வெள்ளையாத்தான் இருக்கு" என்று அழுவார்.

டீச்சர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார். மறுநாள் ஒரு மசிப் போத்தலோடு வந்தார். மூடியில் ஆணியால் துளை போட்டு, திரி செருகி, பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டை ஊற்றினார். கரியில்லாத நீலச் சுவாலை வந்தது. குழாயை என் கையில் கொடுத்தார்.

"டீச்சர், அதெல்லாம் நீங்க தொடாதீங்க. அசிங்கம்" என்று அம்மா வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"விஞ்ஞானத்துல அசிங்கமில்ல. தொழ முந்தி நான் கழுவிக்கொள்வேன்." பிறகு என்னிடம், "மேல் பாதிய மட்டும் சூடாக்கு. கீழ் பாதி அப்பிடியே ஈக்கட்டும். ஏன்?"

"குழாய் சுடும்."

"அது இல்ல. மேலயும் கீழயும் ஒண்டா வெச்சுப் பாக்கத்தான். ஒண்ட மட்டும் பாத்தா பயந்தவனுக்கு எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும்."

சூடாக்கி, டீச்சர் சொன்னபடி சமையல் வினாகிரி இரண்டு துளி விட்டேன். கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான். அம்மா அழுததுபோல ஒன்றுமில்லை. அடுத்து ஒரு முட்டையை உடைத்து, வெள்ளைக் கருவைக் கொதிநீரில் விட்டுக் காட்டினார். அது திரைந்தது. "இதுதான் அது. ஒன்ட ஒடம்புல நிக்க வேண்டிய சாமான். ஒழுங்கில்லாம வெளிய ஓடுது" என்றார். வியாதியைப் பற்றி எனக்கு விளங்கும்படி சொன்னவரும் அவர்தான். டாக்டர்கள் அம்மாவிடம் பேசினார்கள். அம்மா சாமியிடம் பேசினார். என்னிடம் யாரும் பேசியிருக்கவில்லை.

அன்றிலிருந்து குழாய் என் பொறுப்பு. எனக்கு அது பெரிய பெருமை. மேரி அக்கா மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் குழாயைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இன்னைக்கு கண்ணாடி மாதிரி இருக்கு" என்று கத்துவேன். "மாதாவே, அத உள்ள கொண்டு போடி" என்பார் அவர்.

பனிஸ் கதை ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரெஜிஸ்டரில் பெயர் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பனிஸ், உள்ளங்கை அளவு ரொட்டி, கொடுப்பார்கள். எனக்கும் பெயர் இருந்தது. ஆகவே டீச்சர் ஒவ்வொரு நாளும் என்னுடைய பனிஸைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். நானோ அதைத் தின்னக்கூடாது, அதிலும் உப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தின்ன ஏலாதுண்டு டாக்டர் செல்லுறார். குடுக்க ஏலாதுண்டு சேர்குலர்ல இல்ல. இது ஒன்ட பனிஸ். என்ன செய்யிறண்டு நீயே பாரு" என்று என் மடியில் வைத்துவிடுவார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. என்னைப் பூசணிக்காய் என்று கூப்பிட்ட லயன் பிள்ளைகளை ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிறுத்தினேன். ஏழாம் வாய்பாடு சொன்னவனுக்கு ஒரு துண்டு. பிழைவிட்டவன் கடைசிக்குப் போக வேண்டும். "நீ ரெண்டாவது டீச்சரு" என்று மேரி அக்கா திட்டுவார். கட்டிலில் கிடந்துகொண்டே அந்த லயனை நான் ஆண்டேன். அப்படி ஒரு அதிகாரம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்படியே மழைக்காலம் வந்தது. வீக்கம் வடிந்திருந்தது. கதிரைவரைக்கும் அல்ல, வாசல்வரைக்கும் நடந்தேன். சோதனைக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போவதென்றும், நான் மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி ஜன்னலோரம் உட்காருவதென்றும் டாக்டரிடம் கேட்டு ஏற்பாடாகியிருந்தது.

சோதனைக்கு இரண்டு நாளைக்கு முன்னால் குழாய் வெள்ளையாகத் திரைந்தது. மேல் பாதி தயிர், கீழ் பாதி தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் கண் திறக்க முடியவில்லை. டாக்டர் வெளியே போகவே கூடாது என்றார்.

டீச்சர் வந்தபோது நான் கட்டிலில் இருந்தேன். செம்பில் தட்டினார். நான் நகரவில்லை.

"லேட்" என்றார்.

"எனக்கு ஒன்னும் வேணாம். எம் பேர வெட்டுங்க. எல்லாரும் அஞ்சாம் வகுப்புக்குப் போகட்டும். நான் இங்கயே கெடக்குறேன்" என்று கத்தி அழுதேன். அதுவரை நான் அவர் முன்னால் அழுததில்லை.

அவர் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பரிசோதன சரியா செஞ்சீக்கிறாய்" என்றார். முழங்கையிலிருந்து கடிகாரத்தை இறக்கி நேரம் பார்த்தார். "மணி அடிச்சாச்சு. இன்னம் பாடம் முடியல்ல. நெடும் பிரித்தல் கணக்கு ஒண்டு செய்வோம்" என்றார். அன்றைக்கு மட்டும் கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டார். ஒரு கை தூரம் இல்லாமல் போனது.

சோதனை நாள் காலை. கட்டிலில் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் தேவாரம் பாடியிருப்பார்கள், இந்நேரம் தாள் கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து என்னையே புண்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது மேரி அக்கா ஓடிவந்தார்.

"ஏய், வெளிய பாருடி. பள்ளிக்கொடமே வருது."

அம்மா என்னைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தார். இடுங்கிய கண்ணை விரலால் பிரித்துப் பார்த்தேன். எங்கள் லயன் படியில் நாலாம் வகுப்பு முழுவதும் இரண்டிரண்டு பேராக ஏறி வருகிறது. முன்னால் நாலு பெடியன்கள் கரும்பலகையைப் பிரேதம் தூக்குவது போலத் தோளில் தூக்கி வருகிறார்கள். எல்லாருக்கும் முன்னால் குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டை மனுசி.

கரும்பலகையைத் தண்ணீர்ப் பைப்பில் சாய்த்து வைத்தார். வாளியோடு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து, "சோதன முடியுற வரைக்கும் தண்ணி எடுக்க ஏலாது" என்றார். பைப் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு துணியைக் கட்டி அந்தச் சத்தத்தையும் நிறுத்தினார். பிள்ளைகளைப் படியில், துணி துவைக்கும் கல்லில், ஒவ்வொரு வீட்டு வாசலில் என்று உட்கார வைத்தார். தடிமன், சளி உள்ளவர்களை மட்டும் லயனின் கடைசிக்கு, ரயில்பாதைப் பக்கம் துரத்தினார். என் கதிரையைத் தூக்கி எங்கள் வாசலுக்குள் போட்டார். வீட்டுக்குள் நான், வெளியே வகுப்பு.

சிறிது நேரத்தில் ஹெட்மாஸ்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன், ஆனால் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். அன்றைக்குச் சிவந்திருந்தது.

"என்ன டீச்சர் இது? பள்ளிக்கூடமோ சந்தையோ? ஆரைக் கேட்டு இவ்வளவு பிள்ளையளையும் றோட்டிலை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"வகுப்போட இருந்து எழுதோணும்ண்டு நீங்கதானே சேர் சென்ன. வகுப்பு இங்க ஈக்கி. அந்தப் புள்ளயும் இங்க ஈக்கி."

"நான் சொன்னது அந்த அர்த்தத்திலை இல்லை."

"சென்னத்தத்தான் நான் செஞ்ச. வேற அர்த்தம் ஈக்கிண்டா சேர் அப்பவே செல்லியீக்கோணும்."

லயன் முழுவதும் ஹெட்மாஸ்டரின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. வாளிப் பெண்கள், மேரி அக்கா, அம்மா, நான். அவர் திரும்பிப் போனால் என் கதை முடிந்தது. பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போக அவருக்கு ஒரு சொல் போதும். அவர் கரும்பலகையைப் பார்த்தார். துணி கட்டிய பைப்பைப் பார்த்தார். வாசலில், தலையணை உறை ஒட்டுப் போட்ட யூனிபோமில், ஒரு பூசணிக்காய் அவரை முறைத்துக்கொண்டிருந்தது. நான் கெஞ்சவில்லை. எனக்குக் கெஞ்ச வராது.

"இந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியுதோ?" என்று கேட்டார்.

"கண்ணு வீங்கியீக்கி. தெரியாது. ஆனா ஒருத்தருக்கு மட்டும் நான் வாசிச்சுக் காட்ட ஏலாது. சட்டமில்ல."

"எல்லாருக்கும் வாசிக்கலாம்தானே?"

"எல்லாருக்கும் எண்டா வாசிக்கலாம் சேர். ஹெட்மாஸ்டர் வாசிக்கோணும்."

மேரி அக்கா அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்தார். பிரசங்கம் போல, லயனின் கடைசிவரைக்கும் கேட்க வாசித்தார். வாளிப் பெண்களில் ஒருத்தி கணக்குக் கேள்விக்கு வாய்க்குள் விடை சொல்லப் போக, டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேரி அக்காவின் கோழி ஒன்று என் கூட்டாளி பாக்கியத்தின் தாளில் நடந்து போனது. மாத்தளை ரயில் கூவியபோது எல்லாப் பென்சிலும் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

நடுவில் அப்பா சாப்பாட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் போக வந்தவரை டீச்சர் மறித்தார். "சோதன நடக்குது. உள்ள போக ஏலாது."

"எங்க வீடுங்க டீச்சர்."

"இப்ப இது மண்டபம்."

அப்பா வெயிலில் போய் நின்றார். பசியோடு, மேலெல்லாம் மாத்தூளோடு, இரண்டு காதும் எட்டச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

நான் பாஸானேன். முதலாவதாக அல்ல, நடுவில் எங்கோ. கையெழுத்துச் சரியில்லை என்று டீச்சர் மார்க் வெட்டியிருந்தார். கண் தெரியாமல் எழுதியது என்று அம்மா வாதாடிப் பார்த்தார். வெட்டிய மார்க் வெட்டியதுதான்.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலம். இப்போது கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தியும் பல வருசம். ஒரு நாள் ஆணி வாங்க வந்த ஒரு பெரியவர், கொழும்புக் கல்விக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. டீச்சர் சொன்ன சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன். செத்தால்தான் பெயர் வெட்டலாம். பெற்றோர் வகுப்புக்குள் வரக்கூடாது. கட்டில் வீடு, கதிரை பள்ளிக்கூடம். சப்பாத்துக்குத் தண்டனை.

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அப்படி ஒரு சேர்குலரும் கெடையாதும்மா. முப்பது வருசம் நாந்தான் அதெல்லாம் டைப் அடிச்சேன். அது மட்டுமில்ல, வீட்டுக்குப் போய்ப் படிப்பிக்கவும் அந்தக் காலத்துல ஒரு சட்டமும் இல்ல. அந்தப் பொம்பள எல்லாத்தையும் தானே போட்டிருக்கு."

அவருக்கு ஆணியைக் கூடுதலாக நிறுத்துக் கொடுத்தேன்.

டீச்சருக்கு ஒரு கட்டத்தில் மட்டக்களப்புப் பக்கம் இடமாற்றம் வந்தது. போகும்போது அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "கையெழுத்தத் திருத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அது நடந்தது நான் பள்ளிக்கூடம் திரும்பிப் போன பிறகு. அந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சித்திரை வருசப் பிறப்புக் கழிந்து டாக்டர் போகலாம் என்றார். வகுப்போடு டீச்சரும் ஐந்தாம் வகுப்புக்கு ஏறியிருந்தார். அன்றைக்குக் காலையில் சப்பாத்தைப் போடப் பார்த்தால் கால் நுழையவில்லை. வீக்கமில்லை, கால் வளர்ந்திருந்தது. மூலையில் நின்று நின்று சப்பாத்து மட்டும் வளரவில்லை. அப்பா கத்தியால் முன்பக்கத்தை வெட்டினார். விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. அதை வெட்டி, கட்டி, நடந்து போய்ச் சேர மணி அடித்துவிட்டது. தேவாரமும் முடிந்துவிட்டது.

வகுப்பு வாசலில் நின்றேன். பாக்கியம் கை தட்டத் தொடங்க, எல்லாப் பிள்ளைகளும் தட்டினார்கள். டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார், வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தார். கடிகாரத்தை முழங்கையிலிருந்து இறக்கினார்.

"லேட்" என்றார். "சுவரப் பாத்து நில்லு."

போய் நின்றேன். சுண்ணாம்புச் சுவர் மூக்கில் இடித்தது. இந்தத் தடவை சப்பாத்துக்குள் நானும் இருந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. தோள் குலுங்கியது. பின்னால் டீச்சரின் குரல் கேட்டது.

"சிரிக்க ஏலாது. சேர்குலர்ல ஈக்கி."